வேறு கம்பெனி கார்டா, அப்படியானால் ஓடாது: கிராஃபிக்ஸ் கார்டுப் பூட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு கொடுத்து வாங்கிய கார்டு கையில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் திறனும் அதற்கு இருக்கிறது. ஆனாலும் மென்பொருள் மறுக்கிறது, காரணம் அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயர். அப்படி மறுக்கும் இடங்கள் எவை, எதைத் திறக்கலாம், எதைத் திறக்க முடியாது என்பதற்கான பதில்கள் இங்கே.

ஒரு வசதி என் கார்டில் வேலை செய்யவில்லை என்றாலே அது பூட்டுதானா?

இல்லை. தேவையான சுற்று சிப்பிலேயே இல்லையென்றால் அது இல்லாமை, பூட்டு ஆகாது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையில், ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்குக்கென்று தனிச் சுற்று கிடையாது. 2019 ஏப்ரலில் என்விடியா ஒரு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மூலம் அந்தக் கார்டுகளிலும் அதைத் திறந்துவிட்டது. படம் வந்தது, வேகம் வரவில்லை. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

பூட்டு என்பது வேலை செய்யக்கூடியதை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பது. அது நான்கு இடங்களில் உட்காரும். டிரைவரில்: பக்கத்து ஸ்லாட்டில் யார் கார்டு இருக்கிறது என்று பார்த்துத் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். கேமில் அல்லது செயலியில்: கார்டின் தயாரிப்பாளர் எண்ணைப் படித்து மெனுவில் ஒரு வரியை மறைக்கும். உரிம ஒப்பந்தத்தில்: தொழில்நுட்பம் அனுமதிக்கும், காகிதம் அனுமதிக்காது. கையொப்பத்தில்: இயங்குதள நிறுவனம் ஒப்புதல் தராமல் டிரைவர் ஏறவே ஏறாது. முதல் இரண்டையும் பெரும்பாலும் பயனரே தாண்டலாம். மூன்றாவதுக்கு வக்கீல் வேண்டும். நான்காவதுக்கு வேறு கணினிதான்.

தயாரிப்பாளர் எண் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

மதர்போர்டில் செருகும் பிசிஐ சாதனம் ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கப் பதின்அறும (ஹெக்ஸாடெசிமல்) எண் ஒன்று பதிந்திருக்கும். என்விடியாவுக்கு (ஜிஃபோர்ஸ் கார்டுகள்) 10டிஇ, ஏஎம்டிக்கு (ரேடியான்) 1002, இன்டெலுக்கு (ஆர்க்) 8086. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்களில் கார்டை இருமுறை சொடுக்கி, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிகளைத் தேர்ந்தெடுங்கள். ‘வென்’ என்பதை அடுத்து வருவதுதான் அது. கேம் தொடங்கும்போது விண்டோஸின் கிராஃபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸிடம் “இங்கே என்ன கார்டு?” என்று கேட்கும், பதிலாகப் போவது இந்த எண். பல பூட்டுகளின் முழு பலமும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

பூட்டு மென்பொருளில்தான் இருக்கிறது, சிப்பில் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

நிறுவனங்களே கைதவறிக் காட்டிக்கொடுத்திருக்கின்றன. 2010 மே மாதம் வந்த என்விடியாவின் 257.15 பீட்டா டிரைவரில், வேறு நிறுவனக் கார்டு இருந்தால் ஃபிஸ்எக்ஸ் என்ற இயற்பியல் வசதியை நிறுத்தும் பூட்டு (விவரம் கீழே) சேர்க்கப்படாமல் விட்டுப்போனது. ஏஎம்டி கார்டு பக்கத்தில் இருந்தும் எல்லாம் ஓடியது. ‘அது ஒரு பிழை’ என்று சொல்லி அடுத்த பதிப்பில் பூட்டைத் திரும்பப் போட்டார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் வேகத்தைப் பாதியாக்கிய பூட்டு, டிரைவரும் சிப்பும் பயாஸும் கைகோத்து நிற்பது, உடைக்க முடியாதது என்றெல்லாம் சொல்லப்பட்டது. 2021 மார்ச்சில் 470.05 என்ற டெவலப்பர் டிரைவர் அதைத் தானே கழற்றி வைத்தது. அது போட்டியாளருக்கு எதிரான பூட்டு இல்லை, ஆனால் பூட்டு எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2025 ஆகஸ்டில் ஏஎம்டியின் முறை வந்தது. புதிய கார்டுகளுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட எஃப்எஸ்ஆர் 4-இன் (குறைந்த தெளிவுள்ள படத்தைப் பெரிதாக்கும் நுட்பம்) மூல நிரல் தவறுதலாக வெளியானது. அதற்குள் பழைய கார்டுகளிலும் ஓடக்கூடிய 8 பிட் முழு எண் வடிவம் இருந்தது.

ஆகவே ‘தொழில்நுட்பக் காரணம்’ என்ற அறிவிப்பைப் பார்த்தால், பூட்டு இல்லாத ஒரு டிரைவர் எப்போதாவது வெளிவந்ததா என்று தேடுங்கள். வந்து, அதில் ஓடியிருந்தால், அந்தக் காரணத்தை ஏற்க வேண்டியதில்லை.

ஃபிஸ்எக்ஸ் விவகாரத்தில் உண்மையில் என்ன நடந்தது?

இந்தத் துறையில் நடந்த மிக அப்பட்டமான தடை அதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கேம்களில் துணி பறப்பது, கண்ணாடி சிதறுவது, புகை சுழல்வது போன்ற இயற்பியல் கணக்குகளுக்கென்று ஏஜியா என்ற நிறுவனம் ஃபிஸ்எக்ஸ் என்ற பெயரில் தனிக் கார்டு விற்றது. 2008 பிப்ரவரியில் என்விடியா ஏஜியாவை வாங்கி, அதே கணக்குகளை ஜிஃபோர்ஸ் கார்டுகளில் ஓடும்படி மாற்றியது. படம் வரைய ஏஎம்டி கார்டு, இயற்பியலுக்குப் பழைய ஜிஃபோர்ஸ் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டவர்கள் அப்போது நிறையப் பேர். விண்டோஸ் விஸ்டா இரண்டு நிறுவனங்களின் டிஸ்ப்ளே டிரைவர்களைச் சேர்ந்து ஓட விடவில்லை. விண்டோஸ் 7 அந்தத் தடையை எடுத்தது. வழி திறந்த அதே 2009-இல், 186 வரிசை டிரைவர் முதல், வேறு நிறுவனக் கார்டு படம் வரைந்தால் ஃபிஸ்எக்ஸ் அணைந்துபோகும்படி என்விடியா செய்தது. உருவாக்கச் செலவு, தரச் சோதனை, வணிகக் காரணங்கள் என்று மூன்றைச் சொன்னார்கள். ‘வணிகக் காரணம்’ என்பதை வாய்விட்டே சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் என்விடியாவிடம் காசு கொடுத்து ஜிஃபோர்ஸ் வாங்கியவர்கள்தான். இரண்டாவது கார்டாக இன்னொருவருடையதையும் வைத்திருந்தார்கள் என்பதற்காக, வாங்கிய பொருளின் ஒரு பகுதி பறிபோனது. இதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கார்டு கைவிட்டபின் கணக்கு பிராசஸரில் விழும், அங்கே தள்ளாடும். அதற்கும் காரணம் உண்டு: அந்தக் கால ஃபிஸ்எக்ஸ் நூலகம் எக்ஸ்87 என்ற பழைய மிதவைப்புள்ளிக் கட்டளைகளால் தொகுக்கப்பட்டிருந்தது, பெரும்பாலும் ஒரே இழையில் (த்ரெட்) ஓடியது. 2010-இல் வெளியான ஒரு தொழில்நுட்ப ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மூன்றாம் பதிப்பில் எஸ்எஸ்இ என்ற புதிய வகைக் கட்டளைகளும் பல இழைகளும் வந்தன. பின்னர் மூல நிரலே திறக்கப்பட்டது: 2018 இறுதியில் பிராசஸர் பகுதி, 2025-இல் கார்டில் ஓடும் பகுதி.

அந்தக் காலத்து கேம்களை இன்று ரேடியானிலோ ஆர்க்கிலோ ஆடினால்?

கேமின் அமைப்பில் ஃபிஸ்எக்ஸை அணைத்துவிடுங்கள், அல்லது மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். எத்தனை புதிய பிராசஸராக இருந்தாலும், உயர் நிலையில் புகையும் துணியும் வரும் காட்சிகளில் வேகம் சட்டென்று விழும்.

ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வாங்கியவர்களும் இதே குழியில் விழுந்தார்கள். 2025 தொடக்கத்தில் அந்த வரிசை, கார்டில் பொதுக் கணக்குகளை ஓட்டும் என்விடியாவின் மேடையான குடாவின் 32 பிட் வடிவத்தைக் கைவிட்டதால் பழைய ஃபிஸ்எக்ஸ் கேம்கள் பிராசஸருக்குத் தள்ளப்பட்டன. 2025 டிசம்பரில் வந்த 591.44 டிரைவர் குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தது. பட்டியலில் இல்லாத கேம் என்றால், பழைய ஜிஃபோர்ஸ் ஒன்றை இரண்டாம் ஸ்லாட்டில் போட்டு, என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் அமைப்புப் பக்கத்தில் ‘பிராசஸர்’ என்ற இடத்தில் அந்தக் கார்டைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு கார்டையும் ஒரே டிரைவர்ப் பதிப்பு ஆதரிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேமே என் கார்டைப் பார்த்து வசதியை மறைக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

2009-இல் வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஓரங்களை மென்மையாக்கும் ஆன்டி-ஏலியாசிங் அமைப்பு ஜிஃபோர்ஸ் கார்டுகளில் மட்டும் மெனுவில் தெரிந்தது. தயாரிப்பாளர் எண்ணை மாற்றிக் காட்டியபோது ரேடியானிலும் அது வேலை செய்தது என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. அந்த நிரலை எழுதித் தந்தவர்கள் தாங்கள் என்பது என்விடியாவின் வாதம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி டிஎக்ஸ்விகே. டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரையிலான கேம்களை வல்கன் என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் இடைமுகத்துக்கு மொழிமாற்றும் அடுக்கு அது. அதன் அமைப்புக் கோப்பில் ‘கஸ்டம் வென்டர் ஐடி’, ‘கஸ்டம் டிவைஸ் ஐடி’ என்ற இரண்டு வரிகள் உண்டு. கோப்பை கேமின் இயங்கு கோப்புக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு வரியையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் உலகத்தில் இல்லாத ஒரு கார்டு உருவாகும், சில கேம்கள் அதைக் கண்டதும் மிகக் குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். எண்ணை மாற்றியதும் வசதி தோன்றி ஒழுங்காக ஓடினால், இருந்தது வெறும் பெயர்ப் பூட்டு.

தோன்றி, தொடங்கியதும் கேம் விழுந்தால்? 10டிஇ என்ற எண்ணைக் கண்ட கேம் என்விடியாவின் என்வி-ஏபிஐ நூலகத்தைத் தேடிப் போயிருக்கும், அது இருக்காது. இதே காரணத்தால்தான் டிஎக்ஸ்விகே, அந்த நூலகம் கிடைக்காத இடத்தில், உண்மையான ஜிஃபோர்ஸையே ஏஎம்டி கார்டு என்று கேமிடம் அறிமுகப்படுத்துகிறது.

மறைக்கவில்லை, ஆனால் போட்டியாளர் கார்டில் மட்டும் அநியாயத்துக்கு மெதுவாக ஓடுகிறது. இதுவும் பூட்டா?

எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயம். 2015-இல் வந்த ‘தி விட்சர் 3’-இல் ஹேர்வொர்க்ஸ் என்ற முடி விளைவு, டெசலேஷனை 64 மடங்கு வரை ஏற்றியது. டெசலேஷன் என்பது ஒரு வடிவத்தைச் சிறு சிறு முக்கோணங்களாக உடைப்பது. ஜிஃபோர்ஸ் அதில் பலமானது, அன்றைய ரேடியான் பலவீனமானது. கண்ணுக்கு 64-க்கும் 16-க்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது, வேகத்தில் தெரியும்.

ரேடியான் வைத்திருப்பவர்கள் கையிலேயே மருந்து இருக்கிறது. ஏஎம்டி அட்ரினலின் செயலியில் கேமிங், பிறகு கிராஃபிக்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு. டெசலேஷன் மோடை ‘ஓவர்ரைடு அப்ளிகேஷன் செட்டிங்ஸ்’ என்று மாற்றி, உச்ச அளவை 16 மடங்காக வையுங்கள். போதவில்லையென்றால் 8. அதற்குக் கீழே போனால் முடி கோணல் கோணலாக உடைந்து தெரியும். எல்லா கேமுக்கும் பொதுவாக மாற்றாமல் அந்த ஒரு கேமின் புரொஃபைலில் மட்டும் மாற்றுவது நல்லது.

டிஎல்எஸ்எஸ் ஏன் மற்ற கார்டுகளில் ஓடுவதில்லை? எஃப்எஸ்ஆர் மட்டும் எங்கும் ஓடுகிறதே?

குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் நுட்பம் டிஎல்எஸ்எஸ். அது ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இருக்கும் டென்சர் கோர்களை (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான சுற்றுகள்) நம்பி எழுதப்பட்டது, நூலகம் மூடியது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 1, 2, 3 எந்தக் கார்டும் ஓட்டும் சாதாரண ஷேடர் நிரல்கள், திறந்த உரிமத்தில் வந்தவை, அதனால் யார் கார்டிலும் ஓடும். ஆனால் 2025 மார்ச்சில் வந்த எஃப்எஸ்ஆர் 4 அதிகாரபூர்வமாக ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டும் வந்தது. திறந்த வழியைப் பெருமையாகச் சொன்ன நிறுவனமே, கையில் சரக்கு வந்ததும் கதவைச் சாத்தத்தான் பார்த்தது. இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் நடுவில் நிற்கிறது: ஆர்க் கார்டில் எக்ஸ்எம்எக்ஸ் என்ற தனிச் சுற்றில் ஒரு வடிவம், மற்ற கார்டுகளில் டிபி4ஏ என்ற பொதுக் கட்டளையில் எளிய வடிவம். இரண்டுக்கும் மெனுவில் ஒரே பெயர், படத்தில் ஒரே தரம் கிடையாது. ஜிஃபோர்ஸில் எக்ஸ்இஎஸ்எஸ்ஸைப் போட்டுப் பார்த்து ‘இது இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டாதீர்கள்.

டிஎல்எஸ்எஸ் மட்டும் இருக்கும் கேமை ரேடியானில் ஆட ஆப்டிஸ்கேலர் என்ற திறந்த மூலக் கருவி உதவுகிறது. டிஎல்எஸ்எஸ்ஸை ஓட வைப்பது அதன் வேலை அல்ல. கேம் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு அனுப்பும் தரவை, அதாவது குறைந்த தெளிவுள்ள படம், ஆழம், அசைவு திசைகள் ஆகியவற்றை நடுவில் வாங்கி எஃப்எஸ்ஆருக்கோ எக்ஸ்இஎஸ்எஸ்ஸுக்கோ கொடுக்கும். மூன்றுக்கும் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரே தரவு என்பதால்தான் இது சாத்தியம். ஒன்றைச் சேர்த்த கேமில் மற்ற இரண்டைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை என்பதற்கும் இதுவே ஆதாரம்.

நிறுவும்போது நடக்கும் முதல் தவறு, கோப்புகளைத் தவறான இடத்தில் போடுவது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களில் வெளியே தெரியும் இயங்கு கோப்பு வெறும் துவக்கி. உண்மையான கோப்பு உள்ளே ‘பைனரீஸ்’ கோப்புறையின் ‘வின்64’-இல் இருக்கும். அங்கேதான் பிரித்துப் போட வேண்டும். கூடவே வரும் அமைப்பு ஸ்கிரிப்ட் நூலகக் கோப்பின் பெயரை டிஎக்ஸ்ஜிஐ என்று மாற்றி, ஜிஃபோர்ஸ் போலக் காட்டவா என்று கேட்கும். பிறகு கேமுக்குள் டிஎல்எஸ்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் இன்சர்ட்டை அழுத்தினால் ஆப்டிஸ்கேலரின் மெனு வரும். வரவில்லையென்றால் திரைமேல் எழுத்துக் காட்டும் வேறு செயலிகளை மூடிவிட்டுப் பாருங்கள்.

ஏமாற்றுத் தடுப்பு உள்ள இணையவழிக் கேம்களில் இதைத் தொடவே தொடாதீர்கள். வெளியிலிருந்து நுழைந்த நூலகத்தை அது ஏமாற்றுக் கருவியாகத்தான் பார்க்கும், கணக்கு பறிபோகும்.

ஜி-சிங்க் மானிட்டர், ரேடியான் கார்டு. ஒத்துப்போகுமா?

மானிட்டரின் வயதைப் பொறுத்தது. திரையின் புதுப்பிப்பு வேகத்தை கேமின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஜி-சிங்க், 2013-இல் என்விடியாவின் தனிப் பலகையோடு வந்தது. முதல் தலைமுறைப் பலகை உள்ள மானிட்டரில் ரேடியானை இணைத்தால் படம் வரும், மாறும் புதுப்பிப்பு வேகம் வராது. அதை வெளியிலிருந்து சரிசெய்ய வழியில்லை. பிந்தைய பலகைகள் பொதுத் தரமான அடாப்டிவ்-சிங்கையும் ஏற்கின்றன.

மறுபக்கம், 2019 ஜனவரியில் 417.71 டிரைவர், ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் முத்திரை பெற்ற மானிட்டர்களை ஜிஃபோர்ஸுக்குத் திறந்துவிட்டது. அதுவரை பூட்டியிருந்தது சிப் அல்ல, டிரைவர். ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் தகுதி பெற்றன. மானிட்டர் மெனுவில் அடாப்டிவ்-சிங்கை முதலில் இயக்குங்கள், பல மானிட்டர்களில் அது அணைந்தே வரும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘செட் அப் ஜி-சிங்க்’ பக்கத்தில் இயக்கி, சான்று பெறாத மானிட்டர் என்றால் கீழே உள்ள பெட்டியிலும் டிக் செய்யுங்கள். திரை மினுக்கினால் மானிட்டரின் வேக எல்லையைப் பாருங்கள். 48 முதல் 75 ஹெர்ட்ஸ் போலக் குறுகிய எல்லையில், 48-க்குக் கீழே போகும்போது ஒரே பிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும் உத்தி வேலை செய்யாது. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமின் வேகம் கீழ் எல்லைக்குக் கீழே இறங்காதபடி அமைப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி’க்கு ஏஎம்டி பிராசஸரும் ஏஎம்டி கார்டும் சேர்ந்தே வேண்டுமா?

வேண்டாம். 2020 இறுதியில் ஆர்எக்ஸ் 6000 கார்டு, ரைசன் 5000 பிராசஸர், 500 வரிசை மதர்போர்டு மூன்றும் சேர்ந்தால்தான் என்று விற்றார்கள். உள்ளே இருந்தது பிசிஐ எக்ஸ்பிரஸின் பொது வசதியான ரீசைசபிள் பார், கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக விடுவது. சில மாதங்களில் இன்டெல் பிராசஸர்களிலும் ஆர்டிஎக்ஸ் 30 கார்டுகளிலும் வந்துவிட்டது. இன்டெல் ஆர்க் கார்டுக்கோ அது இல்லாமல் வேகமே வராது.

பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறைத் துவக்கம்) என்பதை அணைத்து, ‘அபவ் 4ஜி டீகோடிங்’, ‘ரீசைஸ் பார்’ இரண்டையும் இயக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி: விண்டோஸ் இருக்கும் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் கணினி எழும்பாது. முதலில் விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள், அதற்கு முன் காப்புப் பிரதி. தொடக்ககால ஆர்டிஎக்ஸ் 30 கார்டுகளுக்குக் கார்டின் பயாஸையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வேலை செய்கிறதா என்று ஜிபியு-இசட் என்ற செயலி காட்டும்.

குடாவுக்காக எழுதிய செயலியை ரேடியானில் ஓட்ட முடியுமா?

மூல நிரல் கையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் ஏஎம்டியின் ஹிப் (குடாவைப் போன்ற மேடை) வழி. ஹிபிஃபை கருவி குடா அழைப்புகளின் பெயர்களை ஹிப் பெயர்களாக மாற்றும், பெரும்பகுதி அப்படியே தொகுப்பாகும். தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, நிரலுக்குள் செருகிய, என்விடியாவுக்கே உரிய பிடிஎக்ஸ் அசெம்பிளி வரிகள். அவற்றைக் கையால்தான் திருப்பி எழுத வேண்டும். இன்னொன்று 32 என்ற எண். ஜிஃபோர்ஸில் 32 இழைகள் ஒரு கூட்டமாக நடக்கும். ஏஎம்டியின் சர்வர் கார்டுகளில் கூட்டத்துக்கு 64. நிரலில் 32 என்று நேராக எழுதி வைத்திருந்தால் தொகுப்பு பிழையின்றி முடியும், விடை தப்பாக வரும். பிழைச்செய்தியே வராமல் தப்பும் வகை என்பதால் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு நூலகமான பைடார்ச் பயன்படுத்துபவர்களுக்கு வழி எளிது. லினக்ஸில் உங்கள் பயனர் கணக்கை ‘ரெண்டர்’, ‘வீடியோ’ குழுக்களில் சேர்த்து, ஏஎம்டியின் கணக்கிடும் மென்பொருளான ராக்எம்முக்கான பைடார்ச் தொகுப்பை நிறுவுங்கள். நிரலில் சாதனப் பெயரை மாற்ற வேண்டியதில்லை, ரேடியானிலும் ‘குடா’ என்றே அழைக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி, 6600 போன்றவை அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாமல் மறுக்கப்பட்டால், ‘எச்எஸ்ஏ ஓவர்ரைடு ஜிஎஃப்எக்ஸ் வெர்ஷன்’ என்ற சூழல் மாறிக்கு 10.3.0 என்று மதிப்புக் கொடுங்கள். பட்டியலில் உள்ள 6800-க்கான நிரலையே அவை ஓட்டும், பெரும்பாலும் ஒழுங்காகவே ஓட்டும். பிராசஸருக்குள் இருக்கும் சிறு ரேடியான் குறுக்கே வந்து எல்லாவற்றையும் கெடுத்தால், பயாஸில் அதை அணைப்பது நிம்மதி.

மூல நிரல் இல்லாத செயலி என்றால் ஜூலுடா போன்ற மொழிபெயர்ப்பு அடுக்குதான். இன்டெல் கார்டுகளுக்காகத் தொடங்கி, பிறகு ஏஎம்டி பண உதவியில் வளர்ந்து, 2024 பிப்ரவரியில் திறந்த மூலமாக வந்தது. அதே ஆகஸ்டில் ஏஎம்டி கேட்டுக்கொண்டதால் அந்த நிரல் விலக்கப்பட்டது. பழைய அடித்தளத்திலிருந்து மறுபடி கட்டுகிறார்கள். சில செயலிகள் ஓடும், பல ஓடாது. பிழைப்புக்கான வேலையை அதன்மேல் ஏற்றாதீர்கள்.

அப்படி மொழிபெயர்ப்பது சட்டப்படி சரியா?

குடா உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: அந்தக் கருவிகள் உருவாக்கிய வெளியீட்டை, வேறு நிறுவன மேடையில் ஓட்டுவதற்காகப் பகுத்து ஆராயக் கூடாது. இணையத்தில் 2021 முதலே இருந்தது. 2024 மார்ச்சில்தான் பரவலாகக் கவனிக்கப்பட்டது. மூல நிரலை ஹிப்புக்கு மாற்றித் தொகுப்பதை அந்த வரி தொடவில்லை, ஏனென்றால் அது உங்கள் நிரல்.

மறுபக்கத் தட்டில் இரண்டு பெரிய எடைகள் உண்டு. 2021 ஏப்ரலில் கூகுள், ஆரக்கிள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில், ஜாவா ஏபிஐ அறிவிப்புகளை கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடு என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/24 மென்பொருள் நெறிமுறையின் 6-ஆம் பிரிவு, நிபந்தனைகளோடு, இணைந்து இயங்கச் செய்வதற்காகப் பகுத்து ஆராய அனுமதிக்கிறது; அதற்கு முரணான ஒப்பந்த வரி செல்லாது என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எந்தப் பக்கம் என்பதை, நிறுவனத்துக்காகச் செய்வதானால், வக்கீலிடம் கேட்டே ஆக வேண்டும்.

மெய்நிகர் கணினிக்குள் ஜிஃபோர்ஸ் ‘பிழை 43’ காட்டுகிறது.

போட்டிக் கார்டு சார்ந்ததல்ல என்றாலும் அதே குடும்பத்துப் பூட்டு. டிரைவர் தான் மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இருப்பதை மோப்பம் பிடித்து நின்றுவிடும். 2021-இல் 465 வரிசை டிரைவரோடு என்விடியா இதை அதிகாரபூர்வமாகத் திறந்தது, ஆகவே முதல் மருந்து டிரைவரைப் புதுப்பிப்பது. பழைய டிரைவர்தான் வேண்டும் என்றால், லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் அமைப்பின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியில் கேவிஎம்மை (மெய்நிகர் கணினியை ஓட்டும் லினக்ஸ் வசதி) மறைக்கும் வரியையும், ஹைப்பர்-வி தயாரிப்பாளர் பெயரை 12 எழுத்துக்குள் வேறு ஏதாவதாக மாற்றும் வரியையும் சேருங்கள். புதிய டிரைவரிலும் 43 வந்தால் அது பூட்டல்ல. கார்டின் ஒலிப் பகுதியைச் சேர்த்து ஒப்படைத்தீர்களா, தாய் இயங்குதளம் கார்டை முதலில் தொடாமல் விஎஃப்ஐஓ (கார்டை மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கும் டிரைவர்) பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள்.

மேக் கணினியில் ஜிஃபோர்ஸ்?

ஆப்பிளே ஆதரித்த சில பழைய கார்டுகளைத் தவிர, ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு முடிந்தது. 2018-இல் அடுத்த பதிப்பான மொஹாவே வந்தபோது, ஆப்பிள் ஒப்புதல் தராமல் டிரைவரை வெளியிட முடியாது என்று என்விடியா சொன்னது, ஒப்புதல் வரவில்லை. ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கான் உள்ள மேக்குகளில் ரேடியானுக்கும் இடமில்லை. ஸ்லாட்டுகளோடு வந்த 2023 மேக் ப்ரோவிலும் கிராஃபிக்ஸ் கார்டு ஏறாது.

ரேடியானையும் ஜிஃபோர்ஸையும் ஒரே கணினியில் போட்டால் சண்டை வருமா?

விண்டோஸ் 10, 11-இல் வராது. பழைய டிரைவர் மிச்சங்கள்தான் தகராறு செய்யும். சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவியால் இரண்டையும் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக நிறுவி, நடுவில் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். எந்தச் செயலி எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்பதை செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் பக்கத்தில் தனித்தனியாக ஒதுக்கலாம். மானிட்டர் கேபிளை கேம் ஓடும் கார்டிலேயே செருகுங்கள். மற்றதில் செருகினால் ஒவ்வொரு பிரேமும் பிசிஐ வழியாக நகலாகிப் போகும், வேகம் குறையும். இரண்டாம் ஸ்லாட் பல மதர்போர்டுகளில் 4 லேன் (தரவு போகும் தடம்) கொண்டதுதான். முப்பரிமாணப் படச் செயலியான பிளெண்டரில் படம் வரைய அது போதும், ஆனால் பவர் சப்ளை இரண்டு கார்டின் உச்ச மின்தேவையையும் ஒன்றாகத் தாங்க வேண்டும். பிளெண்டரில் ஜிஃபோர்ஸ் என்விடியாவின் ஆப்டிக்ஸிலும் ரேடியான் ஹிப்பிலும் ஓடும். ஒரே படத்துக்கு இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது, ஒரு நேரத்தில் ஒரு வழிதான். இரண்டு பிளெண்டரைத் திறந்து, ஒன்றில் ஒற்றை எண் பிரேம்களையும் மற்றதில் இரட்டை எண் பிரேம்களையும் கொடுத்தால் இரண்டு கார்டும் உழைக்கும். ஆனால் இரண்டும் வரையும் சாயலில் மிக நுண்ணிய வேறுபாடு இருக்கும், அடுத்தடுத்த பிரேம்களில் அது துடிப்பாகத் தெரியலாம். அதனால் பிரேம்களைப் பிரிப்பதைவிட காட்சிகளைப் பிரித்து, இந்தக் காட்சி முழுவதும் இந்தக் கார்டு என்று ஒதுக்குவதே பாதுகாப்பு.